பாரம் கூடிய குதிரை

யூன் 4, செவ்வாய்

கச்சான் காற்று. கந்தோரில் மேசைத் தாள்கள் எல்லாம் பறந்தன. பொறுக்கியது நான். வேறு யார்.

என் பந்தய முறை இன்று பூர்த்தி. இங்கிலாந்தில் நல்ல குதிரையின் சேணத்தில் ஈயத் தகடு செருகிப் பாரம் கூட்டுகிறார்கள், சோம்பேறிக் குதிரைகளும் வெல்லட்டும் என்று. நம் கந்தோரும் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே, ஆகக் கூடிய பாரம் எதற்கோ, அதுவே நல்ல குதிரை; அதன்மேல் பந்தயம். ஜொக்கி யார், தகப்பன் குதிரை எது, ஒன்றும் பார்க்கத் தேவையில்லை.

பழைய பந்தயத் தாள்களில் சரிபார்த்தேன். பெரும்பாலும் தோல்வி. அது குதிரைகளின் பிழை.

யூன் 6, வியாழன்

வெக்கை. கிணற்றில் தண்ணீர் குறைவு.

மனைவி பரமேஸ்வரி மறுபடியும் தன் அண்ணன் கதை. வரும் புதன்கிழமை அவர் மகளுக்கு மண்டூரில் கலியாணம். நான் போகமாட்டேன். மாமனார் இறந்தபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவர் இந்த அண்ணன். மூத்த மருமகன் நான். மருமக்கள் வரிசையில் என் பெயர் மூன்றாவது. எனக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரன். அன்றோடு பேச்சு நின்றது.

"ஒரு பேருக்காக ஏழு வருசம் கோவம் காக்கிறீங்களே," என்றாள்.

"பேர் இல்ல. வரிசை."

என் பந்தயத் தாளை எடுத்துப் பார்த்தாள். "சரி. சனிக்கிழமை உங்கட குதிரை வெண்டா நான் இந்தக் கதைய எடுக்கமாட்டன். தோத்தா நீங்க கலியாணத்துக்கு வரணும்."

ஒப்புக்கொண்டேன். பெரிய தலையிடி ஒரே ஓட்டத்தில் தீரும்.

யூன் 8, சனி

கிரே அட்மிரல். எல்லாவற்றிலும் கூடிய பாரம். பந்தயக்கடை அந்தோனி துண்டு எழுதும்போது, "இதுக்கு வயசு போயிற்று ஐயா," என்றார். எனக்கும்தான் என்று சொல்லவில்லை.

சவர்க்காரம் வாங்க மறந்துவிட்டேன்.

யூன் 9, ஞாயிறு

காலையில் கடை வாசலில் கூட்டம். கிரே அட்மிரல் முதலாவது. என் வாழ்வில் முதல் நீதி. நின்ற நிலையில் ஒரு பிளேன்டீ.

பிறகு அந்தோனி உள்ளே கூப்பிட்டார். ஓட்டம் முடிந்து ஜொக்கியையும் சேணத்தையும் நிறுத்துப் பார்த்தார்களாம். பாரம் குறைவு. ஈயத் தகடு ஒன்று வழியில் விழுந்துவிட்டது. குதிரையை நீக்கிவிட்டார்கள்.

வீட்டில் வாதாடினேன். முதலில் வந்தது வந்ததுதானே.

பரமேஸ்வரி: "அந்தோனி காசு தந்தாரா?"

"இல்ல."

"அப்ப உங்கட பட்டு வேட்டிய வெயிலில போடுறன்."

யூன் 12, புதன்

வாவியில் அலை. பாதைப் படகில் ஏறிக் கடக்கும்போது சால்வை நனைந்தது.

பந்தியில் அண்ணனே பரிமாறிக்கொண்டு வந்தார். "வாங்க மச்சான். ஏன் இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் காணல்ல?"

நேரே சொன்னேன். அறிவித்தல், வரிசை, மூத்த மருமகனின் இடம், எல்லாம். ஏழு வருடம் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனங்கள். பாதிகூடச் சொல்லி முடியவில்லை, அவர் குறுக்கிட்டார்.

"ஓம் மச்சான், அது என்ட பிழைதான். உங்கட பேர்தான் முதல் வந்திருக்கணும். இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டா?"

அவ்வளவுதான். வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பரமேஸ்வரிக்குச் சிரித்த முகம். எனக்கு, வீடு காலி செய்த பிறகு நடுவில் நிற்பது போல. இனி அவர்மேல் கோபிக்க என்ன இருக்கிறது?

எனக்கு அவர் விட்ட பாயாசத்தில் ஒரு முந்திரிக் கஜுத் துண்டுகூட இல்லை. பக்கத்து இலைக்காரருக்கு இருந்தது. இப்போதைக்கு இது போதும்.