நாற்பத்தோராம் பொருள்

பிரிக்ஃபீல்ட்ஸ்
14 அக்டோபர் 2024

ராதா அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்று உங்கள் புத்தக வெளியீட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக் கையசைத்தீர்கள். பிறகு மேடையேறி, என் புருஷனின் சாவை வாசித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள்.

‘செட்டல்’ என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை நம் ஜனங்கள் எத்தனை விதமாகப் புழங்குகிறார்கள் என்று ஒன்பது வருடம் நாம் இருவரும் அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்தோம். நான் தபாலில் அனுப்புவேன், நீங்கள் பெட்டியில் அடுக்குவீர்கள். பாசாரில் மீன் வெட்டி முடித்துக் கொடுத்தவர் “செட்டல்க்கா” என்றது என் அட்டை. லோரியும் காரும் உரசிய இடத்தில் “போலீஸ்லாம் வேணாம் பாஸ், நாமளே செட்டல் பண்ணிக்கலாம்” என்றது உங்களுடையது. தன் மகன் கல்யாணம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு வீரம்மா, “தனேஷ் செட்டல். இனி எனக்கென்ன கவலை?” என்றதும் நான் எழுதியதுதான். அதெல்லாம் புத்தகமானபோது மேலட்டையில் உங்கள் பெயர் மட்டும் இருந்ததைக்கூட விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்த நாற்பத்தோராம் பொருள்? “சாகத் தயாராதல் (நகைச்சுவை). ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் சொல்ல, நூலாசிரியர் கேட்டது.” நீங்கள் எங்கே கேட்டீர்கள்? அறையில் நானும் கிரிகரியும் மட்டும்தான் இருந்தோம். ஃபாதர் வந்து, எண்ணெய் தொட்டுக் கடைசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். செட்டல் லா டோரிஸ், அழாத” என்றார். அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

அதற்கு இருநூறு பேர் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

டோரிஸ்


பண்டமாரான்
18 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சி டோரிஸுக்கு,

உன் கோபம் புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். கிரிகரி என்று பெயரா போட்டேன்? கிழவர் என்றுதானே போட்டேன்? ரயில்வேயில் இருபத்தாறு வருடம் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான். இருந்திருந்தால் அவனே முதல் ஆளாகச் சிரித்திருப்பான்.

ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த பதிப்பில் மேலட்டையில் உன் பெயரையும் போடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன், உட்கார்ந்து பேசிச் செட்டல் பண்ணிக்கொள்வோம்.

அன்புடன்
ராதா அண்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
22 அக்டோபர் 2024

திரு. ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு,

சனிக்கிழமை வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். எந்தக் கையால் அந்தச் ‘செட்டல்’ வார்த்தையை எனக்கே எழுதினீர்கள்? கிரிகரி சிரித்திருப்பாரா மாட்டாரா என்று சொல்ல நீங்கள் யார்?

மேலட்டையில் பெயர் வேண்டாம். அந்த ஒரு அட்டையை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் அட்டை ஒவ்வொன்றிலும் முன்பக்கம் வாக்கியம், பின்பக்கம் யார், எங்கே, எப்போது. பின்பக்கம் படிக்காத அட்டை பெட்டிக்குள் போகக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். அந்த அட்டையின் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: “அண்ணே, இது புத்தகத்துக்கு இல்ல. அவரு கடைசியா பேசினது. உங்க சிநேகிதருன்னு உங்களுக்கு மட்டும் அனுப்புறேன்.”

பின்பக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வயதாகிவிட்டது, கண் ஆபரேஷன் வேறு ஆனது, நம்பிவிடுகிறேன். நம்பத்தான் ஆசைப்படுகிறேன்.

டோரிஸ்


பண்டமாரான்
29 அக்டோபர் 2024

டோரிஸ்,

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். பின்பக்கத்தைப் படித்தேன். அட்டை வந்து சேர்ந்த அன்றே படித்து அழுதேன். புத்தகம் அச்சுக்குப் போகும்போதும் ஒருமுறை எடுத்துப் படித்தேன். மற்ற நாற்பதும் வெறும் பட்டியலாகக் கிடந்தன. மேடையில் வாசித்தால் ஜனம் நிமிர்ந்து உட்கார ஒன்று வேண்டியிருந்தது. அதைவிட நல்லது என்னிடம் இல்லை. நகைச்சுவை என்று அடைப்புக்குறிக்குள் போட்டதும் நான்தான்.

மன்னித்துவிடு.

ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 நவம்பர் 2024

அட்டை வந்து சேர்ந்தது.

பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உண்மையைச் சொன்னீர்கள், அதற்காக உங்களை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. மற்ற அட்டைகளையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனி எதையும் காது கொடுத்துக் கேட்டு எழுத முடியாது.

ஒன்பதாம் தேதி கிரிகரியின் நாலாம் வருடப் பூசை. வருடா வருடம் நீங்கள் பண்டமாரானிலிருந்து பஸ் ஏறி வந்து, கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவீர்கள். எங்கே எழுந்து நிற்பது, எங்கே முழங்காலிடுவது என்று தெரியாமல் என்னையே பார்த்துப் பார்த்துச் செய்வீர்கள்.

இந்த வருடம் வராதீர்கள்.

டோரிஸ் கிரிகரி