கொளஞ்சியப்பருக்குப் பாப்பா எழுதிய பிராது

விருத்தாசலம்,
12.2.2006

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று மூன்று கடிதங்களில் எழுதினேன். பொய்.

ஜெர்மனியில் பிறந்தவள் தமிழோடும் சொந்தங்களோடும் வளரட்டும் என்று நான்தான் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்தேன். "இந்த ஊரு பீங்கான் சூளைத் தூசி கொழந்தைக்கு ஆவாதும்மா" என்று டாக்டர் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியவில்லை அவளால். ஆனால் தெருப் பிள்ளைகளோடு தமிழில் சண்டை போடுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டே நாளைக் கடத்திவிட்டேன்.

நேற்று கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போனோம். சாமியிடம் சொல்ல வேண்டிய குறையைத் தாளில் எழுதித்தானே அங்கே கட்டுவார்கள். "நானே எழுதறேன், நீ பாக்காதம்மா" என்று தாளை வாங்கிக்கொண்டாள். அவள் தானாக எழுதிய முதல் தமிழ். கட்டப் போகும்போது படித்துவிட்டேன்.

"சாமி, எனக்கு மூச்சு நல்லா வரணும். வராட்டியும் அப்பாகிட்ட சொல்லிடாத. கூட்டிட்டுப் போயிடுவாரு. எனக்கு இங்கதான் புடிச்சிருக்கு."

கட்டிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். கட்டவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். உடனே எங்கள் இருவருக்கும் அங்கே வர டிக்கெட் போடுங்கள். இதை நீங்கள் படித்ததை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா