பூக்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஊட்டி

12 மே 2008, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் மூன்று தடவை போனது. மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

மத்தியானம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் தண்டபாணி எங்கள் செக்கிங் டேபிளுக்கு வந்தார். முகமெல்லாம் பல். புதன்கிழமை ஊட்டி டூர், கம்பெனிச் செலவு. மொத்தம் பதினோரு பேர், அதில் நானும் ஒருத்தி. பக்கத்தில் நின்ற சரோஜா கையைத் தட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஏன் என்றால்:
- சனிக்கிழமை ஷிப்மென்ட். ஞாயிறுகூட வரச் சொல்கிறவர்கள் புதன்கிழமை ஊர் சுற்றக் கூப்பிடுவார்களா?
- ஊட்டிப் பூக்காட்சி வெள்ளிக்கிழமைதான் ஆரம்பம். இரண்டு நாள் பொறுத்தால் அதையும் பார்க்கலாமே.
- பழனிக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டதற்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட ஆள் இதே தண்டபாணி.

என் மகள் பூங்கொடி பெயர் இல்லை. கேட்டேன். பேக்கிங்கில் ஆள் குறைச்சலாம், மகளை அடுத்த தடவை அனுப்பலாமாம். அவள் வேலை மூன்றாம் மாடியில். அங்கே பின்பக்கப் படிக்கட்டுக் கதவில் பூட்டு, அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டி. பனியன் திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டு. தீப்பிடித்தால் என் பிள்ளை எந்த வழியாக இறங்கும்? அவளை அந்த மாடிக்கு அனுப்பிய நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

13 மே, செவ்வாய்

புளிசாதம், உருளை வறுவல், தண்ணீர் பாட்டில் இரண்டு. ஸ்வெட்டர் எதிர் வீட்டில் இரவல். பாச்சை உருண்டை நாற்றம்.

செக்கிங் பிரிவையே மூடப் போகிறார்களோ? நாங்கள் மலை ஏறினதும் டேபிளுக்கு வேறு ஆள் வருமோ? நூல் வெட்டும் என் கத்திரியை அங்கே வைக்கவில்லை, பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். பூங்கொடி பார்த்துச் சிரித்தாள். "சும்மா கெடைக்குதுன்னா போயிட்டு வாம்மா. எல்லாத்துலயும் சந்தேகப்பட்டுட்டே இருந்தா எப்புடி?" ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கி வர வேண்டுமாம்.

14 மே, புதன் (திரும்பும் வேனில், எழுத்து ஆடுகிறது)

விடியுமுன் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் டீ. கொண்டை ஊசி வளைவில் சரோஜா இரண்டு முறை வாந்தி. பர்லியாரில் மங்குஸ்தான் கேட்டால் இன்னும் வரவில்லை என்றார்கள்.

பொட்டானிக்கல் கார்டன். ஆயிரக்கணக்கில் தொட்டி, எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம். தோட்டக்காரர்கள் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் போனால் விரட்டுகிறார்கள். ஒரு பெரியவர், "வெள்ளிக்கிழமை வாங்கம்மா" என்றார். எங்களுக்கு மட்டும் தெரியாதா?

தொட்டபெட்டா டெலஸ்கோப்பில் வெறும் மஞ்சு.

பிறகு போட் ஹவுஸ். பெடல் படகு நாலு பேருக்கு. நான், சரோஜா, ஆரோக்கியமேரி அக்கா, ஓவர்லாக் டெய்லர் முருகேசன். ஏரி நடுவில் முருகேசன் சாதாரணமாகச் சொன்னார், விடியக்காலை வேன் ஏற கம்பெனிக்கு வந்தபோது மூன்றாம் மாடிப் பெட்டிகளை ஆட்கள் குடோனுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்களாம். "அந்தப் பின்னாடிக் கதவுக்குச் செவப்பு பெயிண்ட் அடிச்சாங்க. எதுக்குன்னு தெரியலீங்கக்கா."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். போன வருடம் பையர் ஆடிட் வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஒரு மேடம் சோதனைக்கு வந்து, எங்களை ஒவ்வொருவராக ரூமுக்குள் கூப்பிட்டார். பூட்டைப் பற்றி நான் சொன்னேன். யார் சொன்னது என்று வெளியே தெரியாது என்றார் அந்த மேடம். வாசலில் நின்று யார் யார் உள்ளே போனது என்று குறித்துக்கொண்டது தண்டபாணி. எண்ணிப் பார்த்தேன். படகில் நாலு பேர், கரையில் சோளம் தின்றுகொண்டு ஏழு பேர். பதினோரு பேருமே அன்றைக்கு அந்த ரூமுக்குப் போனவர்கள்.

சொன்னதும் மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஆடிட்டு."

நடு ஏரியில் இருக்கிறோம். இறங்கி ஓடவா முடியும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏமாந்த சோணகிரி மாதிரி ஸ்வெட்டர் வேறு போட்டுக்கொண்டு.

வர்க்கி ஒரு பாக்கெட். நீலகிரித் தைலம் வாங்கவில்லை.

15 மே, வியாழன்

நினைத்தது சரி. நேற்று மேடம் வந்தாராம். பின்கதவு பளபளவென்று சிவப்பு. பதினோரு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது பூட்டு மறுபடி தொங்கியது. மத்தியானம் பெட்டிகளும் வந்துவிட்டன.

மேடம் நேற்று ரூமுக்குக் கூப்பிட்டவர்களில் பூங்கொடியும் ஒருத்தி. இதை அவள் சொல்லவில்லை, சரோஜா சொன்னாள். நான் கேட்டதும் பூங்கொடி பாத்திரம் விளக்கப் போய்விட்டாள். என்ன கேட்டார்கள்? "ஒண்ணுமில்லம்மா." நீ என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்லம்மா." என்ன சொல்ல வேண்டும் என்று தண்டபாணி பேக்கிங் பெண்களுக்கு இரண்டு நாளாகப் பாடம் நடத்தினாராம். நேற்று எல்லோருக்கும் ஸ்வீட் டப்பா. அந்தக் காலி டப்பா எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

மேடத்திடம் பொய் சொல்லியிருப்பாளோ என்று பெற்ற பிள்ளையையே சந்தேகப்படுகிறேன். வலிக்கிறது. வர்க்கியை அவள் முன்னால் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

19 மே, திங்கள்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. பூங்கொடியோடு பேச்சு அளவாக. குழம்பில் உப்பு அதிகம், அவளும் சொல்லவில்லை.

26 மே, திங்கள்

தண்டபாணி வந்தார். இன்றைக்குப் பல் தெரியவில்லை. புதன்கிழமை ஏற்காடு டூராம். பதினைந்து நாளில் இரண்டாவது மலை! கேன்டீனில் மேரி அக்காவுக்குச் சேதி கிடைத்திருக்கிறது. மேடம் மறுபடி வருகிறார், இந்தத் தடவை அந்தக் கதவைப் பார்க்கவே. போன தடவை யாரோ ஒரு பேக்கிங் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். போன தடவை போன பதினோரு பேரும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். முதல் பெயர் பூங்கொடி.

எழுத்து கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன், "எங்க ரெண்டு பேருத்துக்கும் குளிர் ஒத்துக்காதுங்க. புதன்கிழமை வேலைக்கே வந்துர்றமுங்க." தண்டபாணி பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு போனார். என்ன செய்வாரோ தெரியாது. பயம்தான்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன், ஏன் கண்ணு என்கிட்டச் சொல்லவில்லை?

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?"

ஸ்வெட்டரைத் துவைத்து எதிர் வீட்டில் கொடுத்தாயிற்று.