வலக்கைக்கு நான்கு நரம்பு

சிங்கப்பூர்,
12-10-2003

என் அன்புத் துணைவர் பிராங்கிளின் அவர்களுக்கு, ஆனந்தமேரியின் வணக்கம். கைப்புண் முழுதும் ஆறிவிட்டதா? நான் நலமே.

பூட்டுப் பட்டறை எந்திரம் உங்கள் இடக்கை விரல்கள் இரண்டைப் பறித்தது உண்மை. அதற்காக, "இனிமே கிட்டாரு எதுக்கு அப்பு? ஓரமா நின்னு கை தட்டு, போதும்" என்று சொல்லும் உரிமையைக் கோவில் பாடகர் குழுத் தலைவருக்கு யார் தந்தார்? வலக்கை நரம்பை அழுத்தட்டும், இடக்கை மீட்டட்டும்!

அதற்கென்றே உகுலேலே என்னும் நான்கு நரம்புச் சிறு கிட்டார் ஒன்றை இங்கே கையால் செய்விக்கிறேன். ஞாயிறுதோறும் பட்டறைக்குப் போய்ப் பார்க்கிறேன். நனைத்த பலகையைச் சுடுகுழாயில் அழுத்தி வளைக்கிறார் தச்சர் மாரியப்பன். தொட்டுப் பார்த்ததில் எனக்கொரு சிறு கொப்புளம், கவலை வேண்டா.

விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகளை, அவர் பழக்கத்தால் நரம்புகளுக்கு அடியிலுள்ள விரல்பலகையில், எல்லாருக்கும் பதிக்கும் மேல்விளிம்பிலேயே பதித்துவிட்டார். நீங்கள் திருப்பிப் பிடித்தால் அவை தரையைப் பார்க்கும்.

"விடுங்கக்கா, அண்ணன் சமாளிச்சுக்குவாரு" என்றார்.

"சமாளிப்பதற்கன்று, வாசிப்பதற்கே கேட்டேன்!" என்று முழங்கினேன்.

"யம்மா, இது மேடை இல்லக்கா" என்று சிரித்தபடியே அந்த விரல்பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிது ஒட்டினார்.

கிறித்து பிறப்புத் திருப்பலியில் நீங்கள் முன்வரிசையில் நின்று மீட்டுவீர்கள். தடுப்பவர் தடுத்துப் பார்க்கட்டும்!

கருவியின் கழுத்தை இழைக்க உங்கள் கையளவு வேண்டுமாம். வலக்கையைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிலும் வரைந்து அனுப்புங்கள். தாளை மடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் அதை என்னிடமே தந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா சமையல் வேலைக்கு அழைக்கிறார்.

உங்கள்
ஆனந்தமேரி