ஐந்து போட்டால் ஐந்து எடுக்கணும்

மார்ச் 3, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. இரண்டு இறக்கைப் பாதிகள், உடல், வால், மோட்டார், ஒரு பை நிறையத் திருகுகள். சாப்பாட்டு மேசை இனி என் ராஜ்ஜியம்.

கால்வாய் வெட்ட அலுவலகத்தில் வைத்திருக்கும் பழைய வரைபடத்தில் எங்கள் தெருவே இல்லை. நாற்பத்தொரு வீடும் வெறும் புல்வெளியாம். கால்வாய்க் கோடு அக்காவின் அடுப்படி வழியாகப் போகிறது. நான் இருப்பதும் அந்த வீட்டு மாடியில்தான். பொறியாளர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இருபதாம் தேதிக்குள்ள புதுப் படம் கொண்டு வாங்கம்மா, கோட்டை மாத்துறேன்." நடந்து அளந்தால் ஒரு மாதம் ஆகும். இந்த ட்ரோன் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடும்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது பறக்குமாடி? தெர்மகோல் மாதிரி இருக்கு."

"நான் சேத்தா பறக்காம என்ன பண்ணும்?" என்றேன். இருபது வருடமாக நிலம் அளப்பவள், இதுகூடச் சொல்லக் கூடாதா?

மார்ச் 5

இறக்கையில் பசை காய்கிறது. யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். அத்தான் தொட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

எடை சமன் பார்க்கும் நாள். இறக்கைக்கு அடியில் குறித்த இடத்தில் இரண்டு விரலால் தூக்கினேன். வால் தொங்கியது. மூக்கு கனத்தால் சமாளித்துப் பறக்கும், வால் கனத்தால் நேரே மண்ணுக்குத்தான். பேட்டரியை இரண்டு விரல்கடை முன்னால் தள்ளினேன். விரல் மேல் அசையாமல் நின்றது. அத்தான் கைதட்டினார். பஸ் ஓட்டுகிறவர் பாராட்டினால் சும்மாவா?

ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் இறக்கை மடல்கள் இடப்பக்கம் திரும்பச் சொல்லின. அமைப்பில் திருப்பிப் போட்டதும் வழிக்கு வந்தன. இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்!

மார்ச் 13, வியாழன்

எல்லாம் தயார். இறக்கையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாயைக் கடைசியாகச் சோதித்தேன். எதிர்க்காற்று அதில் புகுந்தால்தான் விமானத்துக்குத் தன் வேகம் தெரியும். மெதுவாக ஊதினேன், திரையில் எண் துள்ளியது. ஆனால் மேசையெல்லாம் எறும்பு. குழாய்க்குள் ஒன்று புகுந்தாலும் போச்சு. அதன் சிவப்பு மூடியை எங்கேயோ தொலைத்திருக்கிறேன். அக்கா தன் பையிலிருந்து ஒரு புது ஊசியின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துத் தந்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

மடல்கள் ஆடாமல் இரண்டு கிளிப், கேமராவுக்கு மூடி, மோட்டார் காற்றாடிக்கு உறை, குழாய்க்கு இந்த மூடி. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், கண் சும்மா இருக்காது.

"அஞ்சு போட்டிருக்க. நாளைக்கு அஞ்சு எடுக்கணும். நாங்க வயித்தைத் தைக்கிறதுக்கு முன்னாடி பஞ்சு, கத்தரி எல்லாத்தையும் சத்தமா எண்ணுவோம்."

"இது வயிறு இல்லக்கா."

"இதுக்குள்ள நம்ம வீடு இருக்குடி."

மார்ச் 14, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் விளையாட்டு மைதானம். தெருவே வந்திருந்தது. உறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அத்தான் விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிட, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எண்ணு," என்றாள் அக்கா.

"எல்லாம் எடுத்தாச்சு."

"சத்தமா எண்ணு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது உன் தியேட்டர் இல்லக்கா. தெரியாத வேலையில மூக்கை நுழைக்காத!" அத்தனை பேர் முன்னால்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் என் பையில் கைவிட்டு எல்லாவற்றையும் எடுத்து, புல்லில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"நாலுதான் இருக்கு. என் ஊசி மூடி எங்கடி?"

குழாய் நுனியிலேயே இருந்தது. தண்ணீர் நிறம், கண்ணுக்கே தெரியவில்லை. ஐயோ, அப்படியே எறிஞ்சிருந்தா? வேகமே இல்லன்னு நினைச்சு, வேகம் எடுக்க மூக்கைக் குத்திட்டுக் கீழ இறங்கியிருக்கும். மாத்து இறக்கை வர மூணு வாரம். இருபதாம் தேதி போயிருக்கும், நாற்பத்தொரு வீடும் போயிருக்கும் — அவளைப் போய் அப்படிச் சொன்னேனே, என்ன வாய் இது எனக்கு?

மூடியைக் கழற்றி, மறுபடி ஊதிப் பார்த்து, "அஞ்சு" என்றேன், மைதானம் கேட்க. அத்தான் எறிந்தார்.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: என்னமாய் ஏறியது! முப்பத்தெட்டு நிமிடம் கோடு போட்ட மாதிரி போய்வந்து, புல்லில் வயிறு தேய இறங்கியது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போடி. தியேட்டர்ல டாக்டர் இதைவிட மோசமா திட்டுவாரு. திட்டு வாங்கிட்டே எண்ணுவோம்."

மார்ச் 19

படம் கொடுத்தாயிற்று. நாற்பத்தொரு கூரையும் தெளிவு. எங்கள் மொட்டைமாடியில் காயும் பச்சைப் போர்வைகூடத் தெரிகிறது.

மார்ச் 26, புதன்

அலுவலகச் சுவரில் புதுப் படம் தொங்குகிறது. கால்வாய்க் கோடு எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது. பொறியாளர் கைகொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இரண்டு தெரு படத்தில் இல்லையாம். "பறக்க விடுவீங்களா?"

"ஓ, தாராளமா. ஆனா என்கூட ஒரு நர்ஸ் வருவாங்க."

"விமானத்துக்கு எதுக்கும்மா நர்ஸ்?"

"எண்ணுறதுக்கு."