நீலக் கேசட்டுக்கு நான் போட்ட பொய்க் குறி

என் அத்தானுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. துஷ்டி வீட்டில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

போன வாரம் அக்கா உங்கள் மேசையை ஒழித்தாள். அந்த நீல வீடியோ கேம் கேசட்டை என்னிடம் நீட்டினாள். "ஏலே, இது கெட்டுப்போச்சுன்னு அவுஹ தனியா வச்சிருந்தாஹ. பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுரட்டா?" என்றாள். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். பழைய கேசட்டுகளில் உள்ள ஆட்டங்களைக் கணினிக் கோப்புகளாக எடுத்துச் சேர்த்துவைக்கும் சிறு குழு எங்களுடையது. அத்தான் தென்காசியில் டிவி மெக்கானிக். கேசட்டை அதற்கான மெஷினில் செருகிப் படித்து எடுப்பது அவர் வேலை. எடுத்த கோப்புக்குப் பெயர் வைத்துப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு கோப்புக்கும், இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்து, எட்டு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். வேறொருவர், வேறொரு கேசட்டிலிருந்து எடுத்தும் அதே எண் வந்தால், கோப்பின் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி. படித்ததில் பிழை என்றால் 'பி'. ஆச்சரியக்குறி வாங்கிய கோப்பில் படித்தவர் பெயரும் ஏறும். எங்களுக்கு அதுதான் மரியாதை.

அந்த நீலக் கேசட்டைச் சீசன் சமயத்தில் குற்றாலத்தில், மெயினருவிக்குப் போகும் வழியில் ஒரு பொம்மைக் கடையில் வாங்கினீர்கள். குரங்கு படகோட்டும் ஆட்டம். குழுவில் வேறு யாரிடமும் இல்லை. ஒரு மாதம் கழித்துச் செங்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே கேசட் எனக்குக் கிடைத்தது. வீட்டில் என் கருவியில் வைத்துப் படித்தேன். எட்டு எழுத்தும் உங்களுடையதோடு ஒத்துப்போயின.

நான் 'பி' போட்டேன். என்னிடம் இன்னொரு கேசட் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன்? அச்சன்புதூரில் நீங்கள் வீடு பால் காய்ச்சிய அன்று, எல்லோர் முன்னாலும் நான் ஒரு கேசட்டை முன்பின்னாக மாற்றிச் செருகிவிட்டேன். "எம்.எஸ்ஸி. படிச்ச மாப்ளைக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியலியே! கல்யாணத்தன்னைக்கு மாமியாளுக்குல்லா மாலையைப் போட்டுருவாரு!" என்றீர்கள். பந்தியே சிரித்தது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அந்தச் சிரிப்பும் காதை விட்டுப் போகவில்லை. இப்போதும் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

'பி'யைப் பார்த்து நீங்கள் கேசட்டின் செருகுமுனையை ரப்பரால் தேய்த்தீர்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்கள், திரும்பத் திரும்பப் படித்தீர்கள். ஒருநாள் போனில், "மாப்ள, பதினோரு தடவையும் ஒரே நம்பர்தான் வருது. கெட்டதுன்னா மாறி மாறில்லா வரணும்?" என்று கேட்டீர்கள்.

"உங்க மெஷின்ல கோளாறு அத்தான். ஒரே தப்பையே திரும்பத் திரும்பப் படிக்குது" என்றேன்.

அப்படி நடப்பதும் உண்டு. அதனால்தான் அந்தப் பொய் எடுபட்டது.

பிறகு, "அப்ப நான் படிச்ச மத்ததும் சந்தேகந்தான மாப்ள? எல்லாத்துலயும் குறியை எடுத்துரு. என் பேரும் வேண்டாம்" என்றீர்கள். முப்பத்தெட்டுக் கோப்புகள்; அவற்றின் இரண்டாவது கேசட்டுகளையும் மற்றவர்கள் உங்கள் மெஷினில் வைத்தே படித்திருந்தார்கள். 'வேண்டாம் அத்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதாதா? ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிக் கோப்பிலும் எடுத்தேன்.

நேற்று இரண்டு நீலக் கேசட்டுகளையும் வாசுதேவநல்லூரில் இருக்கும் குழு நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் கருவியிலும் அதே எட்டு எழுத்து. "ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி! அப்ப ஏன் பி போட்டிருக்கு?" என்றார். தேநீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். அதன்பின் சொன்னேன்.

திரும்பி வந்து அக்காவிடமும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மெஷினை மாத்திக்கூடப் பாத்தாஹலே. அப்பவும் அதே நம்பர் வந்ததும், தன் கைதான் நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டாஹ. அதுக்கப்புறம் கடையில சாலிடரிங் அயர்னையே தொடல" என்றாள். எனக்கு இது தெரியாது அத்தான். தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீலக் கேசட்டுக்கு இன்று காலை ஆச்சரியக்குறி போட்டேன். படித்தவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. அந்த முப்பத்தெட்டையும் என் பேச்சை நம்பி யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கேசட்டைத் தேடிப்பிடித்து, வேறொருவர் கையால், வேறொரு மெஷினில் படிக்கவைத்து, உங்கள் பெயரைத் திரும்ப ஏற்றுவேன். பட்டியலை இனி வாசுதேவநல்லூர் நண்பர் பார்த்துக்கொள்வார்.

இதைக் குழுவின் பக்கத்தில் போடப்போகிறேன். பட்டியல் யார் கையில் இருந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஒளிய இடமில்லை. ஆனால் அடியில் என் பெயர் இருந்தால், 'அண்ணாச்சி எவ்வளவு நேர்மை' என்று நாலு பேர் எழுதுவார்கள். அந்த வார்த்தை எனக்கு வரக்கூடாது. 'உங்கள் மைத்துனன்' என்பதோடு நிறுத்தி, பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.

உங்கள் மைத்துனன்