ஒற்றைக் காம்பில் இரட்டைப் பூ

டிசம்பர் 17, புதன்

காலையில் தூறல். மொட்டைமாடி வழுக்கல். ராட்சதப் பரங்கிக் கொடியில் இன்னொரு பிஞ்சும் மஞ்சளாகி வெம்பி விழுந்தது. மழையில் மகரந்தம் நனைந்தால் இதுதான் கதி. மீதி ஒரே ஒரு பெண் மொட்டு. அதுவும் கோணல். காம்பு நாடா மாதிரித் தட்டை, அதன் மேல் இரண்டு பூ, அடியில் ஒட்டிக்கொண்டு.

இவர் பார்த்துவிட்டு, "ரெட்டைப் புள்ளையா? நல்ல சகுனம்தான்" என்றார். சகுனமாவது மண்ணாவது. இந்த மாதிரி பெரும்பாலும் நிற்காது. தை பிறந்ததும் ஓனர் மாமா மாடியில் ரூம் கட்டுகிறாராம், தொட்டிகளைக் காலி செய்யவேண்டும். மூன்று வருஷமாக ஒரு காய்கூட நிற்காமல் தோற்கிறேன். இதுவும் போனால் அவ்வளவுதான்.

டிசம்பர் 18, வியாழன்

மழை இல்லை. மொட்டு நுனியில் மஞ்சள். நாளை விடியலில் விரியும், ஒரு காலைதான் திறந்திருக்கும். தேனீயை நம்புவதாயில்லை. ஆண்பூவைப் பறித்து நானே தடவிவிடவேண்டும். நாளைக்கு விரிய நாலு ஆண் மொட்டு இருக்கிறது, போதும். பெண் மொட்டைத் துணி போட்டு மூடினேன். நூல், குடை எடுத்துவைத்தாயிற்று. இவருக்கு பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

இரட்டைப் பூ விரிந்திருந்தது. ஆண்பூ ஒன்றுகூட இல்லை. வெறும் காம்புகள்.

மைதிலி. ஓனர் மாமாவின் மருமகள். மார்கழி பிறந்த அன்று நான்தான் சொன்னேன், கோலத்துக்குப் பூ எடுத்துக்கொள், அடியில் பிஞ்சு இருப்பதை மட்டும் தொடாதே என்று. மூன்று நாளும் ஒன்றுதான் எடுத்தாள். இன்று வெள்ளிக்கிழமை, பெரிய கோலம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். வாசலில் சாணி உருண்டைகள் மேல் நாலு பூவும். இரண்டைப் பால்காரர் வண்டி நசுக்கியிருந்தது. மற்றதை எடுக்கக் குனிந்தேன்.

"கோலத்துல வெச்சதை எடுக்கப்படாது மாமி" என்றாள் மைதிலி. அவள் மாமியார் பார்த்தால் வீடு இரண்டாகுமாம்.

விஷயத்தைச் சொன்னேன். வெட்கமில்லாமல் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். தானே குனிந்து இரண்டு பூவையும் எடுத்து என் கையில் திணித்தாள். "அவா குளிச்சிண்டிருக்கா. ஓடுங்கோ."

மாடிக்கு ஓடினேன். இதழைக் கிழித்துப் பார்த்தேன், மகரந்தம் உலர்ந்தே இருந்தது. இரட்டையில் ஆளுக்கொரு ஆண்பூ. தடவி, பூ வாயை நூலால் கட்டினேன்.

டிசம்பர் 24, புதன்

நல்ல வெயில். வலது பிஞ்சு எலுமிச்சையைத் தாண்டிவிட்டது. பளபளப்பு. இடது வெம்பல். அது அழுகினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். தானாக விழட்டும், கத்தி வைக்காதே என்கிறார் இவர். பிளேடைத் தீயில் காட்டி, வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் நீர் கசிகிறது. மாத்திரை வாங்கப் போனவள் வாழைப்பழத்தோடு திரும்பினேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

வெட்டு காய்ந்துவிட்டது. காய் தேங்காயைவிடப் பெரிது.

ஓனர் மாமா மேலே வந்தார். ரூமுக்கு அளவெடுக்கத்தான் என்று நினைத்தேன். காயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மைதிலியே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம்.

"கோலத்துப் பூவுல பிடிச்சதாமே, தெய்வச் செயலாம். இதைப் பிடுங்கப்படாதுங்கறா ஆத்துல. மாசி போகட்டும், அப்பறம் கட்டிக்கறேன்."

சந்தோஷப்படவேண்டும். முடியவில்லை. இனி இது வெடித்தாலும் அழுகினாலும் கோலத்தைக் கலைத்த தோஷம் என்பார்கள். மைதிலி தலையில்தான் விடியும்.